ஜெர்மன் கிராட்ராக்: எங்கே தொடங்குவது, எதைக் காதில் வாங்குவது

நீங்கள் பிங்க் ஃபிளாய்டும் லெட் செப்பலினும் கேட்டுப் பழகியவர். ஊரே புகழ்கிறதே என்று கேன் குழுவின் ‘டாகோ மாகோ’வை எடுத்திருக்கிறீர்கள். முதல் தட்டு பிடித்துப்போனது. இரண்டாவது தட்டைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கிராட்ராக் எனப்படும் 1970களின் ஜெர்மன் சோதனை ராக் ஆல்பங்களை எந்த வரிசையில் கேட்பது, வெறும் இரைச்சலாகத் தோன்றும் இடங்களில் எதைக் கவனிப்பது என்று கேட்கிறீர்கள்.

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். நொய் குழுவின் முதல் ஆல்பம் (1972), கேனின் ‘ஃபியூச்சர் டேஸ்’ (1973), ஹார்மோனியாவின் ‘டீலக்ஸ்’ (1975). இந்த மூன்றும் காதுக்குப் பழகிய பிறகு ஃபௌஸ்ட். அதன்பின் நீங்கள் நிறுத்திவைத்த இரண்டாம் தட்டு. பெர்லின் குழுக்களை அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

கிராட்ராக் என்ற பெயருக்குள் அடைக்கப்படும் குழுக்களுக்கு இடையே பாணி ஒற்றுமை என்று பெரிதாக எதுவும் கிடையாது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் பாதி கேலியாக ஒட்டிவிட்ட பெயர் அது. அந்த இசைக்கலைஞர்களில் பலருக்கு அது பிடிக்கவே இல்லை. ஃபௌஸ்ட் குழுவினர் பழிக்குப் பழியாக 1973இல் ஓர் இசைத்துண்டுக்கே ‘கிராட்ராக்’ என்று பெயர் வைத்தார்கள். எனவே பாணியை வைத்துத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஓர் ஆல்பம் எந்தக் கட்டடத்தில், யார் கையால் பதிவானது என்று பாருங்கள். பாதி புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பாட்டுப் பதிந்த காலத்தில், இவர்களில் சிலர் தங்களுக்கென ஓர் இடத்தைப் பிடித்து, நாள் முழுக்க ஒலிப்பதிவு நாடாவை ஓடவிட்டார்கள். வாசித்ததில் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்ற முடிவு வாசித்த பிறகுதான் வந்தது. இந்த ஆல்பங்களின் விசித்திரம் பெரும்பாலும் அந்த வேலைமுறையிலிருந்து வந்தது. போதைப்பொருளுக்குப் போகும் பெருமையில் பாதியைக் கத்தரிக்கோலுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

பின்னணியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்க்காலத்திலும் அதை ஒட்டியும் பிறந்த தலைமுறை இது. தகப்பன்மார் நாஜி ஆட்சிக் காலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வானொலியில் ஒருபக்கம் ஷ்லாகர் எனப்படும் இனிப்பு மெல்லிசை. மறுபக்கம் அமெரிக்க, பிரிட்டிஷ் படையினருக்கான நிலையங்கள். உள்ளூர்க் குழுக்கள் ஆங்கிலப் பாட்டுகளை நகலெடுத்துப் பிழைத்தன. 1968 செப்டம்பரில் எசென் நகரில் நடந்த பெரிய பாட்டு விழாவில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் குழுவும் வாசித்தது, ஆமோன் டூல், டாஞ்சரீன் ட்ரீம் போன்ற புது ஜெர்மன் குழுக்களும் வாசித்தன. இனி யாரையும் நகலெடுப்பதில்லை என்ற பிடிவாதம் அந்தக் காலத்தில் பல ஊர்களில் ஒரே நேரத்தில் முளைத்தது. பிரிட்டிஷ் ராக்கின் முதுகெலும்பான புளூஸை, அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபை, இவர்களில் பலர் வேண்டுமென்றே கைவிட்டார்கள். புளூஸ் போனால் அதன் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற்றங்களும் போயின. மிஞ்சியது ஒரே ஆதார ஒலி, விடாத தாளம், மெல்ல மாறும் ஒலியின் நிறம். தம்புரா சுருதி மேல் மணிக்கணக்காக ஆலாபனை கேட்கிற காதுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்கக் கூடாது. செப்பலினிலிருந்து வரும்போதுதான் ‘பாட்டு எப்போது நகரும்’ என்று மனம் காத்திருந்து ஏமாறுகிறது.

நொய் குழுவை முதலில் வைப்பதற்கு அதுதான் காரணம். டுஸ்ஸல்டார்ஃபைச் சேர்ந்த மிஷாயேல் ரோத்தர், கிளாவுஸ் டிங்கர் என்ற இரண்டே பேர். கொஞ்சகாலம் கிராஃப்ட்வெர்க் என்ற இன்னொரு குழுவில் வாசித்துவிட்டு வெளியே வந்தவர்கள். 1971 டிசம்பரில் ஹாம்பர்கில் ஒரு ஸ்டூடியோவை நான்கு நாள் வாடகைக்கு எடுத்து, ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்குடன் முதல் ஆல்பத்தை முடித்தார்கள். ஆரம்பத்தில் எதுவும் சரியாக அமையவில்லையாம். டிங்கர் தன் ஜப்பானிய ‘டைஷோகோட்டோ’வைக் கொண்டுவந்து வாசித்த பிறகுதான் வேலை சூடு பிடித்தது. அது வேறொன்றுமில்லை, நம் பக்கத்து புல்புல்தாராவின் மூத்த சகோதரன்.

முதல் துண்டு ‘ஹாலோகாலோ’, பத்து நிமிடம். டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். சாதாரண ராக் டிரம்மர் நான்கு சுற்றுக்கு ஒருமுறை உருட்டுவார், சிம்பலை அடிப்பார். ‘இதோ அடுத்த பகுதி வருகிறது’ என்ற அறிவிப்பு அது. டிங்கர் அதை அநேகமாகச் செய்வதே இல்லை. காலடி மேளமும் ஸ்னேர் என்ற குச்சி மேளமும் ஒரே நடையில் போய்க்கொண்டே இருக்கும். மோட்டோரிக் என்று மற்றவர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். எந்திரம்போல் ஒலிக்கிறது என்று டிங்கருக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை, நீண்ட நேர்கோடு என்றுதான் சொல்வார். அறிவிப்பு இல்லாததால் சுற்று எங்கே முடிகிறது என்ற எண்ணமே நமக்குப் போய்விடுகிறது. அதன்மேல் ரோத்தரின் கிட்டார்கள் அடுக்கடுக்காக வருகின்றன. சில நாடாவைத் திருப்பிப்போட்டுப் பதிந்தவை, எனவே ஒலி மீட்டலில் தொடங்காமல் ஊதிப் பெருகி வந்து சட்டென அறுபடும். இரண்டாவது முறை கேட்கையில் அந்தத் தலைகீழ்க் கிட்டார்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். பத்து நிமிடம் போதாது. அதே ஆல்பத்தின் ‘நெகாட்டிவ்லான்ட்’ தெருவை உடைக்கும் இயந்திரத்தின் சத்தத்தோடு தொடங்குகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று பதற வேண்டாம்.

இரண்டாவது ஆல்பம் (1973) ஒரு வேடிக்கை. பணம் பாதியில் தீர்ந்துவிட்டது. ஒரு பக்கம்தான் தயார். ஏற்கெனவே வெளியிட்ட சின்னத் தட்டின் இரண்டு பாட்டுகளை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடவிட்டு, கேசட்டில் நாடா சிக்கிக் குழறுவதையும் சேர்த்து மறுபக்கத்தை நிரப்பினார்கள். அந்தக் காலத்தில் ரசிகர்கள் ஏமாற்று வேலை என்றார்கள். பிற்காலத்து ரீமிக்ஸ் கலாசாரத்தின் முன்னோடி என்று இப்போது சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே உண்மை. முதல் பக்கத்து ‘ஃபூர் இம்மர்’ அருமை. மறுபக்கத்தைக் கதைக்காக ஒருமுறை கேட்டால் போதும். மூன்றாவதான ‘நொய் 75’ அதைவிட முக்கியமானது: முதல் பக்கம் ரோத்தரின் அமைதி, இரண்டாம் பக்கம் டிங்கர் டிரம்ஸை வேறு இருவரிடம் கொடுத்துவிட்டுக் கிட்டாரோடு கத்துவது. பங்க் இசை வருவதற்கு முன்பே வந்த பங்க் அது.

இனி கேன். கொலோன் நகரில் 1968இல் சேர்ந்தவர்கள். கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட்டும் பேஸ் வாசித்த ஹோல்கர் சூக்காயும் நவீன இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர்கள். டிரம்மர் யாக்கி லீபெட்ஸைட் ஃப்ரீ ஜாஸிலிருந்து வந்தவர். கிட்டாரிஸ்ட் மிஷாயேல் கரோலி சூக்காயின் மாணவர். ஃப்ரீ ஜாஸில் எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் வாசித்துவந்த லீபெட்ஸைட்டிடம், ஒரு கச்சேரிக்குப் பிறகு யாரோ ஒருவர் வந்து, ‘நீ ஒரே மாதிரி வாசிக்க வேண்டும்’ என்றாராம். சொன்னவர் போதையில் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அறிவுரையை லீபெட்ஸைட் ஆயுள் முழுக்கக் கடைப்பிடித்தார்.

ஓர் ஓவியச் சேகரிப்பாளரின் தயவில் நோர்வெனிஷ் என்ற ஊரின் பழைய கோட்டை மாளிகையில் இவர்களுக்கு இடம் கிடைத்தது. ‘டாகோ மாகோ’ (1971) அங்கேதான் பதிவானது. முதல் பாடகர் மால்கம் மூனி அமெரிக்கா திரும்பியதும், மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்த ஜப்பானிய இளைஞர் டாமோ சுசுகியைப் பார்த்து, அன்று இரவே மேடையேறச் சொல்லி அழைத்தார்கள். அவர் வந்த பிறகு செய்த முதல் முழு ஆல்பம் இது. வேலை நடந்த விதம் முக்கியம்: மணிக்கணக்காகக் கூடி வாசிப்பார்கள், சூக்காய் இரண்டே தடங்கள் கொண்ட கருவியில் பதிந்து, பிறகு நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டுவார். இடைவேளையில் மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து மற்றவர்கள் சும்மா வாசித்ததையும் ரகசியமாகப் பதிந்து வைத்திருக்கிறார். உங்களுக்குப் பிடித்த முதல் தட்டின் ‘ஹாலெலூவா’ பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரே மூச்சில் வாசித்ததுபோல் இருக்கும். டிரம்ஸின் நடையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டால், அறையின் எதிரொலி திடீரென மாறும் இடங்கள் தெரியும். தையல் அங்கேதான்.

இரண்டாம் தட்டுக்கு வருவோம். ‘டாகோ மாகோ’ ஒற்றைத் தட்டாகத்தான் வெளிவர இருந்தது. ஷ்மிட்டின் மனைவியும் பின்னர் குழுவின் மேலாளருமான ஹில்டெகார்ட் பிடிவாதம் பிடித்துத்தான் சோதனைப் பகுதிகளையும் சேர்த்து இரட்டைத் தட்டாக்கினார். ஆகவே நீங்கள் மிரண்டதில் வியப்பில்லை. அது முதல் தட்டின் தொடர்ச்சியே அல்ல. ‘ஆவும்கன்’ பதினேழு நிமிடம், ஷ்மிட்டின் குரல் எதிரொலியில் நீண்டு உருகுவதுதான் அதன் உடம்பு. பாட்டாகக் கேட்டால் எரிச்சல் வரும். ஒரு கட்டடத்தின் ஒலியாகக் கேளுங்கள்: கூரை எவ்வளவு உயரம், குரல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று. ‘பெக்கிங் ஓ’வை எனக்கே தினமும் கேட்க முடியாது. அதைத் தாண்டிப் போனால் பாவமில்லை.

1971 கடைசியில் கேன் வைலர்ஸ்விஸ்ட் என்ற ஊரின் பழைய சினிமாக் கொட்டகைக்கு இடம் மாறியது. சுவர்களில் ராணுவத்தின் பழைய மெத்தைகள் சுமார் 1,500ஐ அடித்து எதிரொலியை அடக்கினார்கள். ‘எகே பாம்யாசி’ (1972) காலத்தில் இந்த இடமாற்றம் நடந்துகொண்டிருந்தது. அட்டையில் இருப்பது துருக்கி வெண்டைக்காய் டப்பா. ஒலிப்பதிவின்போது ஷ்மிட்டும் சுசுகியும் சதுரங்கத்தில் மூழ்கிவிட, மற்றவர்கள் கொதித்துப் போனார்கள் என்பது பரவலாகத் தெரிந்த கதை. ஆனாலும் அவர்களின் மிகக் கச்சிதமான ஆல்பம் இதுதான். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகச் செய்த ‘ஸ்பூன்’ ஜெர்மன் தரவரிசையில் 6ஆம் இடம் வரை போனது. அந்த மகிழ்ச்சியில் கொலோன் விளையாட்டரங்கில் இலவசக் கச்சேரியே வைத்தார்கள்.

‘ஃபியூச்சர் டேஸ்’ அந்தக் கொட்டகையின் குழந்தை. மெத்தைகள் எதிரொலியைத் தின்றுவிட்டதால் எல்லா ஒலியும் காதருகே, தாழ்ந்த குரலில் வருகிறது. சுசுகியின் குரல் வாத்தியங்களுக்குள் பாதி புதைந்திருக்கிறது. இரண்டாம் பக்கம் முழுக்க ‘பெல் ஏர்’ என்ற ஒரே துண்டு, இருபது நிமிடம். அதில் லீபெட்ஸைட் வேகத்தைக் கூட்டுவதும் தணிப்பதும் வேறு யாரும் கவனிக்காமல் நடக்கும் காரியம்போல இருக்கிறது. ‘டாகோ மாகோ’வுக்கு நேர் எதிர்த் துருவம். அதனால்தான் உங்களுக்கு இதை முன்னால் வைத்தேன். இதற்குப் பிறகு சுசுகி விலகிவிட்டார்.

ஹாம்பர்குக்கும் பிரேமனுக்கும் நடுவில் வூம்மே என்ற கிராமம். அங்கிருந்த பழைய பள்ளிக்கூடம்தான் ஃபௌஸ்ட்டின் கோட்டை. ஊவே நெட்டல்பெக் என்ற பத்திரிகையாளர், பாலிடோர் நிறுவனத்தை எப்படியோ பேசி மயக்கிப் பணம் வாங்கி, அந்தக் கட்டடத்தை ஸ்டூடியோ ஆக்கினார். பீட்டில்ஸுக்கு ஜெர்மன் பதில் கிடைக்கும் என்று நிறுவனம் நம்பியதாகச் சொல்வார்கள். ஒலிப்பதிவாளர் குர்ட் கிராவுப்னர் ஆளுக்கொரு ஒலிமாற்றுப் பெட்டி செய்து கொடுத்தார். படுக்கையில் படுத்தபடியே பதிவு செய்ய வசதியாகக் கம்பி இழுக்கப்பட்டிருந்ததாம். 1971இல் வந்த முதல் தட்டு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில், இறுக மூடிய கையின் எக்ஸ்ரே படம் அச்சிட்ட ஒளி ஊடுருவும் உறையில் வந்தது. ஜெர்மன் மொழியில் ஃபௌஸ்ட் என்றால் முஷ்டி. தட்டு தொடங்கியவுடன் இரைச்சலுக்குள் பீட்டில்ஸ் பாட்டொன்றும் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டொன்றும் சில நொடி தலைகாட்டி மூழ்கிப்போகும். பணம் கொடுத்தவர்களுக்கு அதுவே பதில்.

ஃபௌஸ்ட்டில் முதலில் கேட்க வேண்டியது 1972இன் ‘ஸோ ஃபார்’. அதன் முதல் பாட்டில் ஒரே அடி, ஒரே வரி, ஏழு நிமிடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப. அசட்டுத்தனமாகத் தொடங்கி, நடுவில் எரிச்சலாகி, கடைசியில் சாக்ஸபோன் நுழையும்போது ஏனோ முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அதன்பின் ‘தி ஃபௌஸ்ட் டேப்ஸ்’ (1973). பாலிடோர் கைவிட்ட பிறகு, அப்போதுதான் தொடங்கியிருந்த வர்ஜின் நிறுவனம் பிரிட்டனில் இதை 49 பென்ஸுக்கு விற்றது. ஒரு சின்னத் தட்டின் விலை. மலிவாக இருக்கிறதே என்று பல்லாயிரம் பேர் வாங்கினார்கள். வீட்டுக்குப் போய்ப் போட்டால், பாட்டுத் தலைப்புகள்கூட இல்லாமல் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய நாடா! பியானோ, அலறல், ஓர் அழகான மெட்டு, அது முடிவதற்குள் வேறு அறை, வேறு வாத்தியம். பலர் தூக்கி எறிந்தார்கள். ஒருசிலர் மறுநாளே குழு அமைக்கப் போனார்கள். இதை இயர்போனில் கேளுங்கள், வேறு வேலை செய்துகொண்டு கேட்காதீர்கள்.

அடுத்த கட்டடம், வேஸர் ஆற்றங்கரையில் ஃபோர்ஸ்ட் என்ற சிற்றூரின் பழைய வீடு. ரொடேலியுஸ், மோபியுஸ் என்ற இருவரும் க்ளஸ்டர் என்ற பெயரில் அங்கே குடியேறினார்கள். பெர்லினில் இருந்தபோது கொன்ராட் ஷ்னிட்ஸ்லரோடு சேர்ந்து இவர்கள் செய்த முதல் இரண்டு தட்டுகளுக்குப் பணம் கொடுத்தது தேவாலய இசை வெளியிடும் ஒரு நிறுவனம். நிபந்தனையாக, ஒவ்வொரு தட்டிலும் ஒரு பக்க இரைச்சலின்மேல் சமயப் பாடம் ஒன்று வாசிக்கப்படுகிறது. ஜெர்மன் தெரியாதவர்களுக்கு அது இன்னும் பயங்கரமாக இருக்கும். ஃபோர்ஸ்ட்டுக்கு வந்ததும் இசை வெயில் காய ஆரம்பித்துவிட்டது. 1973இல் ரோத்தர் கிட்டாரோடு அங்கே போய்ச் சேர, ஹார்மோனியா பிறந்தது. க்ளஸ்டரின் ‘ஸுக்கர்ஸைட்’ (1974) தாள இயந்திரத்தோடு விளையாடும் சின்னச் சின்னத் துண்டுகள். ‘டீலக்ஸ்’ அதைவிட விரிந்தது. குரு குரு குழுவின் மானி நொய்மையர் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். கேட்க மிக எளிதான ஜெர்மன் ஆல்பம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1976இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ அந்த வீட்டுக்கு வந்து தங்கிச் சேர்ந்து வாசித்தார். அந்தப் பதிவு 1997 வரை வெளியாகவே இல்லை.

பெர்லினைச் சுருக்கமாக முடிக்கிறேன். டாஞ்சரீன் ட்ரீமின் ‘பீட்ரா’வில் (1974) தொடங்கலாம், மூக் (Moog) என்ற மின்னணு வாத்தியத்தின் சுருதி சூட்டில் நழுவுவதைக்கூட இசையாக்கியிருக்கிறார்கள். ‘ஸைட்’ இரட்டைத் தட்டைத் தள்ளிவையுங்கள், அதில் தாளமே கிடையாது. ஆஷ் ரா டெம்பலின் முதல் ஆல்பம் (1971) பக்கத்துக்கு ஒரு துண்டு, உங்களுக்குப் பிடித்த கிட்டார் புயல் நிறைய. ‘காஸ்மிக் ஜோக்கர்ஸ்’ என்ற பெயரில் 1974இல் வந்தவற்றை வாங்குவதற்குமுன் யோசியுங்கள்: இசைக்கலைஞர்களின் சம்மதமின்றி வெளியிடப்பட்டு நீதிமன்றம் வரை போனவை.

மியூனிக்கில் செப்பலின் ரசிகருக்கு உடனே பிடிப்பது ‘ஆமோன் டூல் இரண்டு’ என்ற குழுவின் ‘யேட்டி’ (1970). அதைவிட நான் வற்புறுத்துவது போபோல் வூவின் ‘ஹொசியானா மந்திரா’ (1972). ஜெர்மனியில் முதன்முதலில் பெரிய மூக் சின்தசைசர் வாங்கிய சிலரில் ஒருவர் அந்தக் குழுவை நடத்திய ஃபுளோரியான் ஃபிரிக்கே. இந்த ஆல்பத்தில் அந்த இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுப் பியானோ, ஓபோ, தம்புரா, கொரியப் பெண்குரல் என்று திரும்பிவிட்டார். இன்னொன்று, தமிழ்க் காதுகளுக்காகவே: எம்ப்ரியோ குழுவின் ‘வீ கீப் ஆன்’ (1973). அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ அதில் சாக்ஸபோனோடு நாதஸ்வரமும் வாசிக்கிறார். மலேசியாவில் இருந்தபோது நாதஸ்வரத்தில் மயங்கிக் கற்றுக்கொண்டவர் அவர். நம் வித்வான்களின் கமகத்தை எதிர்பார்க்காதீர்கள். சீவாளியின் அந்தக் கூர்மை மின்சாரக் கிட்டாருக்கு நடுவே எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று கேளுங்கள். இந்தக் குழு 1978-79இல் பஸ்ஸில் இந்தியா வரை வந்தது. பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் கலைஞர்களோடு சேர்ந்தும் வாசித்திருக்கிறது.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நொய் ஆல்பங்கள் ரோத்தருக்கும் டிங்கருக்கும் ஒத்துப்போகாததால் நெடுங்காலம் கள்ளப் பதிப்பாகவே சுற்றின. 2001இல்தான் முறையான சிடி வந்தது, அதன்பின் வந்தவற்றைத் தயங்காமல் வாங்கலாம். கேன், ஃபௌஸ்ட், ஹார்மோனியா எல்லாம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். சிக்கல் கிராஃப்ட்வெர்க்கில். ‘ஆட்டோபான்’ (1974) எங்கும் கிடைக்கிறது. அதற்கு முந்தைய மூன்று ஆல்பங்களை அந்தக் குழு சிடியாக முறைப்படி வெளியிடவே இல்லை, தங்கள் வரலாறு ‘ஆட்டோபான்’ முதல்தான் என்பதுபோல் நடந்துகொள்கிறது. 1970இன் முதல் ஆல்பத்தில் ஃபுளோரியான் ஷ்னைடர் புல்லாங்குழலால் தாளமே போடுகிறார், ‘ருக்ஸுக்’ என்ற துண்டில். பழைய தட்டு விற்பவர்களிடம் போக்குவரத்துக் கூம்பு படம் போட்ட உறை கண்ணில் பட்டால், விலை கேட்டுவிட்டு உறையைப் பிரித்துத் தட்டு அசல் பதிப்புதானா என்று பாருங்கள்; கள்ளப் பதிப்புகள் அதே உறையோடு ஏராளமாக உலவுகின்றன.